எதிர்ப்புச் சக்தி என்னும் தவறான கணக்கு

கொரோனா வந்துபோன பிறகு நம் பேச்சில் நிரந்தரமாகக் குடியேறிவிட்ட கருத்து ஒன்று உண்டு. உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருந்தால் எந்தக் கிருமியும் ஒன்றும் செய்யாது. நோய் முற்றிவிட்டதென்றால் சக்தி போதவில்லை என்று பொருள். ஆகவே சக்தியை ஏற்றினால் நோய் இறங்கும். கஷாயப் பொடி விற்பவர் இதைச் சொல்கிறார். சத்து மாவு விளம்பரம் சொல்கிறது. வாட்ஸாப் குழுக்கள் தினமும் சொல்கின்றன. படித்தவர்களும் இதையே கொஞ்சம் நாகரிகமான சொற்களில் சொல்கிறார்கள்: கிருமி நம் செல்களைக் கொல்கிறது, எதிர்ப்பு மண்டலம் கிருமியைக் கொல்கிறது, எந்தப் பக்கம் பலம் கூடுதலோ அந்தப் பக்கம் வெற்றி.

இந்தக் கணக்கு தவறு. ஏதோ ஓரத்தில் சிறு திருத்தம் செய்தால் சரியாகிவிடும் என்கிற அளவுக்கு அல்ல, அடிப்படையிலேயே தவறு. பாக்டீரியா தொற்றில் ஒருவர் பிழைப்பதும் சாவதும் எதிர்ப்பின் அளவை மட்டும் பொறுத்ததாக இருந்ததே இல்லை. தொற்றிய செல் எப்போது சாகிறது, எந்த விதத்தில் சாகிறது, அந்தச் சாவைப் பார்த்து எழும் எதிர்ப்பு எங்கே நிற்கிறது என்பவையே முடிவைத் தீர்மானிக்கின்றன. இதைக் காசநோயை வைத்தே பேசுகிறேன். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். 2023-ல் மட்டும் உலகெங்கும் சுமார் 12.5 லட்சம் பேரை இந்நோய் கொன்றது. தவறான கருத்துக்கு நாம் கொடுக்கும் விலை இங்கேதான் மிக அதிகம்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் வைத்துவிடுகிறேன். காசநோய்க் கிருமி தொற்றியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு வாழ்நாள் முழுக்க நோய் வருவதில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கும் உடல் மெலிந்தவர்களுக்கும் கூடுகிறது. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்படும் இன்ஃப்ளிக்சிமாப் என்ற மருந்து, டி.என்.எஃப். என்னும் எதிர்ப்புப் புரதத்தை முடக்குகிறது. அதைப் போட்டுக்கொண்டவர்கள் சிலருக்கு உள்ளே உறங்கிக் கிடந்த காசநோய் கிளர்ந்தெழுந்ததை 2001-ல் மருத்துவ உலகம் கண்டது. இவை அத்தனையும் உண்மை. எதிர்ப்பு குறைந்தால் ஆபத்து என்பதை நான் மறுக்கவில்லை.

நான் மறுப்பது இதிலிருந்து அவர்கள் தாவும் தாவலை. குறைந்தால் கெடுதல் என்பதால் கூடினால் நன்மை என்று ஆகிவிடாது. இரத்த அழுத்தம் குறைந்தால் மயக்கம் வரும் என்பதற்காக அதை ஏற்றிக்கொண்டே போங்கள் என்று யாரும் சொல்வதில்லை. எதிர்ப்பு விஷயத்தில் மட்டும் அப்படிச் சொல்கிறோம். சொல்வதோடு நிற்காமல் விற்கவும் செய்கிறோம்.

காசநோயில் இந்தத் தாவலை முதலில் செய்தவர் சாதாரண ஆள் அல்ல. 1882-ல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக் அவர்களே செய்தார். 1890-ல் பெர்லினில் நடந்த சர்வதேச மருத்துவ மாநாட்டில், காசநோயைத் தடுத்து நிறுத்தும் பொருள் ஒன்று தன்னிடம் இருப்பதாக அறிவித்தார். அது டியூபர்குலின், கிருமியை வளர்த்த திரவத்திலிருந்து எடுத்த சாறு. காசநோயாளிக்கு அதை ஊசியாகப் போட்டால் காய்ச்சல் ஏறும், நடுக்கம் வரும், நோயுள்ள இடம் சிவந்து வீங்கி அழுகி உதிரும். எதிர்ப்பு விழித்துக்கொண்டது என்பதற்கு இதைவிடக் கண்கூடான சாட்சி வேறென்ன வேண்டும்? ஐரோப்பா முழுவதிலிருந்தும் நோயாளிகள் பெர்லினுக்குப் படையெடுத்தார்கள். சில மாதங்களில் உண்மை தெரிந்தது. டியூபர்குலின் போட்டு இறந்தவர்களின் உடல்களை அறுத்துப் பார்த்த ருடால்ஃப் ஃபிர்ஹோ, கிருமிகள் சாகவில்லை என்பதையும், வீங்கி உடைந்த திசுவிலிருந்து நோய் புதிய இடங்களுக்குப் பரவியிருப்பதையும் காட்டினார். எதிர்ப்பு கூடியது, நோயாளி செத்தார். டியூபர்குலின் இன்று மருந்தாக இல்லை. தொற்று உண்டா இல்லையா என்று பார்க்கக் கையில் போடும் மாண்டூ சோதனையாக மட்டும் மிஞ்சியிருக்கிறது.

நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் கிடைத்த இந்தப் பாடம் ஏன் நமக்கு உறைக்கவில்லை? செல் சாவதை நாம் ஒரே விதமான நிகழ்ச்சியாக நினைத்துக்கொண்டிருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கிருமி கொன்றது, செல் செத்தது, கதை முடிந்தது என்று எண்ணுகிறோம். உண்மையில் செல்லின் சாவு என்பது அந்தச் செல்லுக்குள்ளேயே பல வழிகளாக எழுதி வைக்கப்பட்டிருக்கும் ஒரு செயல். எந்த வழியில் செல் போகிறது என்பதைப் பொறுத்தே பக்கத்தில் இருக்கும் திசு என்ன ஆகும் என்பது அமைகிறது.

நுண்ணோக்கியில் இரண்டு சாவுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். முதல் செல் மெல்லச் சுருங்குகிறது. உட்கருவிலுள்ள டி.என்.ஏ. ஒழுங்கான இடைவெளிகளில் நறுக்கப்படுகிறது. மேற்சவ்வு குமிழ் குமிழாகப் புடைத்து, ஒவ்வொரு குமிழும் மூடிய பொட்டலமாகப் பிரிகிறது. ஒரு சொட்டுகூட வெளியே கசியவில்லை. பக்கத்துச் செல்கள் அந்தப் பொட்டலங்களை விழுங்கிச் செரித்துவிடுகின்றன. இடத்தில் வீக்கமில்லை, காய்ச்சலில்லை. 1972-ல் கெர், வைலி, கரி என்ற மூவர் இதற்கு அபொப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள்.

இரண்டாவது செல் நேர் எதிர். அது சுருங்கவில்லை, உப்புகிறது. உள்ளே காஸ்பேஸ் என்னும் வெட்டு நொதிகள் காஸ்டெர்மின் டி என்ற புரதத்தை இரண்டாக நறுக்குகின்றன. நறுக்கிய துண்டுகள் மேற்சவ்வில் போய் வளையமாகச் சேர்ந்து துளை போடுகின்றன. ஒவ்வொரு துளையும் ஏறத்தாழ 20 நானோமீட்டர் அகலம். அதன் வழியாக இன்டர்லூகின்-1 வெளியே பாய்ந்து காய்ச்சலையும் வீக்கத்தையும் கிளப்புகிறது. கடைசியில் செல் வெடித்து உள்ளிருந்ததெல்லாம் வெளியே கொட்டுகிறது. இது பைராப்டோசிஸ். காஸ்டெர்மின்தான் இதைச் செய்கிறது என்று 2015-ல் பெய்ஜிங்கில் ஃபெங் ஷாவ் குழுவும் அமெரிக்காவில் ஜெனன்டெக் நிறுவனத்தின் விஷ்வா தீக்ஷித் குழுவும் தனித்தனியே காட்டின. இவை தவிர, திட்டமும் ஒழுங்கும் இல்லாமல் செல் கிழிந்து சிதறும் நெக்ரோசிஸ் இருக்கிறது. திட்டமிட்டே நெக்ரோசிஸ் போல வெடிக்கும் வழிகளும் இருக்கின்றன.

இப்போது ‘கிருமி செல்லைக் கொல்கிறது’ என்ற வாக்கியத்தைத் திரும்பப் பாருங்கள். வயிற்றுக்கடுப்பைத் தரும் ஷிகெல்லா, குடல் செல்லுக்குள் புகுந்ததும் செய்யும் முக்கியமான வேலைகளில் ஒன்று அந்தச் செல்லைச் சாகவிடாமல் வைத்திருப்பது. காஸ்பேஸ்-4 என்ற வெட்டு நொதியை முடக்க அதனிடம் தனிப் புரதமே இருக்கிறது. ஏனென்றால் குடிபுகுந்த செல் செத்து உதிர்ந்தால் அதற்கு இடமில்லை. பிளேக் இனத்தைச் சேர்ந்த யெர்சினியா வேறு விதம். அது செல்லின் அபாய அறிவிப்பை நிறுத்த ஒரு புரதத்தைச் செலுத்துகிறது. அறிவிப்பு நிறுத்தப்பட்டதை உணர்ந்த செல் தானே தன்னை மாய்த்துக்கொள்கிறது. முதல் கதையில் கொல்ல விரும்புவது உடம்பு, தடுப்பது கிருமி. இரண்டாவது கதையில் கிருமியின் தந்திரத்துக்குச் செல் தரும் பதிலே சாவு. இரண்டிலும் நாம் பள்ளியில் படித்த படம் பொருந்தவில்லை.

காசநோய்க் கிருமி இந்த விளையாட்டில் எல்லாவற்றையும்விடத் தேர்ந்தது. அது குடியிருப்பது, கிருமிகளை விழுங்குவதற்கென்றே இருக்கும் மேக்ரோஃபேஜ் செல்லுக்குள். ஒரே மூலத்திலிருந்து பிரிந்த இரண்டு ஆய்வக வகைகள் இந்தக் கிருமியில் உண்டு: வீரியம் உள்ள எச்37ஆர்வி, வீரியம் இழந்த எச்37ஆர்ஏ. இரண்டையும் மனித மேக்ரோஃபேஜ்களில் விட்டுப் பார்த்தபோது அபொப்டோசிஸை அதிகம் உண்டாக்கியது வீரியம் இழந்த வகைதான். வீரியமுள்ளது அந்த அமைதியான சாவைத் தடுத்துவிடுகிறது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. அபொப்டோசிஸில் மூடிய பொட்டலத்தோடு சேர்ந்து கிருமியும் அடுத்த மேக்ரோஃபேஜால் விழுங்கப்பட்டு, அங்கே பெரும்பாலும் அழிகிறது. செல் நெக்ரோசிஸில் கிழிந்தால் கிருமி வெளியே தப்புகிறது. சிதறிய கொழுப்பும் சவ்வும் அதற்குத் தீனியாகின்றன. செல்லின் உயிர்மூச்சான என்.ஏ.டி. என்ற மூலக்கூறைத் தீர்த்து, நெக்ரோசிஸை வரவழைக்கும் நச்சுப் புரதம் ஒன்றும் இந்தக் கிருமியிடம் இருக்கிறது. ஆகவே காசநோயில் கேட்க வேண்டிய கேள்வி செல் சாகிறதா இல்லையா என்பதல்ல, எப்படிச் சாகிறது என்பதே.

எதிர்ப்பைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கேம்பிரிட்ஜில் பணியாற்றும் லலிதா ராமகிருஷ்ணன் தன் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தது வரிமீன் குஞ்சுகளை. பரோடாவில் மருத்துவம் படித்தவர் இவர். சிதம்பரத்தில் பிறந்த நோபல் அறிஞர் வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை. வரிமீன் குஞ்சு சில மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். உடம்பு கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும். காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவான மைக்கோபாக்டீரியம் மரைனம், மீன்களுக்கு இயற்கையாகவே நோய் தருவது. கிருமிக்கு ஒரு நிறமும் மேக்ரோஃபேஜுக்கு ஒரு நிறமும் ஒளிரும்படி செய்துவிட்டால், உயிருள்ள விலங்குக்குள் விழுங்குவதையும் பெருகுவதையும் சாவதையும் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

2010-லும் 2012-லும் அவர் குழு வெளியிட்ட முடிவுகள் இந்த வாதத்துக்கு உயிர்நாடி. எல்.டி.ஏ.4.எச். என்ற மரபணு, அழற்சி எவ்வளவு எழ வேண்டும் என்பதை நிர்ணயிப்பவற்றில் ஒன்று. அது வேலை செய்யாத குஞ்சுகளில் டி.என்.எஃப். குறைவு. மேக்ரோஃபேஜ்கள் கிருமியை அடக்க முடியாமல் நிரம்பிச் சாகின்றன, நோய் முற்றுகிறது. இதுவரை எதிர்த்தரப்பு சொல்வதே சரி. அடுத்து அதே மரபணுவை அளவுக்கு மேல் வேலை செய்ய வைத்தார்கள். டி.என்.எஃப். ஏறியது. குஞ்சுகள் பிழைத்தனவா? இல்லை. குறைவாக இருந்தவற்றைப் போலவே இவற்றிலும் நோய் முற்றியது.

ஏன் என்பதை 2013-ல் அந்தக் குழுவே விடுவித்தது. டி.என்.எஃப். மிகுந்த மேக்ரோஃபேஜ் முதலில் வெகு சிறப்பாகவே வேலை செய்கிறது. அதன் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனின் கொடிய வடிவங்கள் பெருகுகின்றன. அவை உள்ளேயிருக்கும் கிருமிகளைக் கொல்கின்றன. அந்த நேரத்தில் எண்ணிப் பார்த்தால் கிருமிகளின் தொகை குறைந்திருக்கும். எதிர்ப்புச் சக்தி விற்பவர் அங்கேயே கணக்கை முடித்து வெற்றி என்று அறிவித்துவிடுவார். ஆனால் அதே ஆக்சிஜன் வடிவங்கள் கொஞ்ச நேரத்தில் மைட்டோகாண்ட்ரியாவையே கிழித்து, செல்லை நெக்ரோசிஸில் தள்ளுகின்றன. எஞ்சிய கிருமிகள் வெளியே கொட்டி, தடுக்க ஆளில்லாத இடத்தில் கயிறு திரித்தாற்போல் கொத்துக் கொத்தாக வளர்கின்றன. உலையில் தீ கூடினால் சோறு சீக்கிரம் வேகும். இன்னும் கூடினால் அடிப்பிடித்துப் பானையே போகும். கிருமியைக் கொன்ற ஆயுதமும் செல்லைக் கொன்ற ஆயுதமும் ஒன்றே என்பதுதான் இதன் சாரம்.

மீனில் நடப்பது மனிதரில் நடக்குமா என்று கேட்பது நியாயமே. காசநோய் மூளையுறையைத் தாக்கும்போது கொல்லும் வேகம் அதிகம். கிருமியைக் கொல்லும் மருந்தோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு ஒன்று வியட்நாமில் 545 நோயாளிகளிடம் நடந்து 2004-ல் வெளியானது. ஸ்டீராய்டு எதிர்ப்பை அடக்கும் மருந்து. எதிர்ப்பே எல்லாம் என்றால் அதைப் பெற்றவர்கள் அதிகம் இறந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. ஸ்டீராய்டு பெறாதவர்களில் 41 விழுக்காட்டினர் இறந்தார்கள். பெற்றவர்களில் 32 விழுக்காட்டினர். நூறு பேரில் ஒன்பது பேரை அடக்கப்பட்ட எதிர்ப்பு காப்பாற்றியது. பிறகு வியட்நாம் நோயாளிகளின் எல்.டி.ஏ.4.எச். மரபணுவைப் பார்த்தபோது, அழற்சி மிகுதியாக எழும் வகையினர்தான் ஸ்டீராய்டால் பெரும்பயன் அடைந்தவர்கள் என்று தெரிந்தது. இந்த மரபணுத் தொடர்பு இந்தோனேசியாவில் அப்படியே தென்படவில்லை என்பதையும், எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் ஸ்டீராய்டின் பயன் நிறுவப்படவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அவை என் வாதத்தை வலுவாக்கவே செய்கின்றன. ஆளுக்கு ஆள் எதிர்ப்பின் நிலை வேறு. எல்லோருக்கும் ஏற்று என்பதும் தவறு, எல்லோருக்கும் இறக்கு என்பதும் தவறு.

காசநோய் மருந்து கொடுக்கும் டாட்ஸ் மையங்களில் வேலை செய்பவர்களுக்கு நன்கு தெரிந்த இன்னொரு காட்சி உண்டு. கழுத்து நெறிக்கட்டியில் காசநோய் கண்டவர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். பசி எடுக்கிறது, எடை ஏறுகிறது, காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் இரண்டாவது மூன்றாவது மாதத்தில் கட்டி திடீரென்று பெரிதாகிறது. பக்கத்தில் புதிதாக ஒன்று எழுகிறது. சில நேரம் உடைந்து சீழ் வடிகிறது. வீட்டார் பதறுகிறார்கள். ‘மருந்து கேட்கல, சக்தி இல்ல’ என்று சொல்லி வேறு வைத்தியம் தேடுகிறார்கள். சீழை எடுத்து வளர்த்துப் பார்த்தால் பல நேரங்களில் உயிருள்ள கிருமியே இருக்காது. செத்த கிருமியின் துண்டுகளைப் பார்த்து மீண்டெழுந்த எதிர்ப்பு உண்டாக்கிய வீக்கம் அது. எச்.ஐ.வி.க்கு மருந்து தொடங்கி எதிர்ப்பணுக்கள் ஏறும்போது காசநோய் திடீரென மோசமாவதும் இதே கதைதான். தென்னாப்பிரிக்காவில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வு, ப்ரெட்னிசோன் கொடுத்தால் அந்தச் சிக்கல் குறைகிறது என்று காட்டியது. எதிர்ப்பு திரும்பியதே அங்கே நோய்.

நுரையீரலில் விழும் குழியையும் பாருங்கள். காசநோய் ஊரில் பரவுவதற்கு முக்கியமான காரணம் இந்தக் குழி. அதன் ஓரத்தில் கோடிக்கணக்கில் கிருமிகள் பெருகி, இருமும்போது காற்றில் கலக்கின்றன. இந்தக் குழியைத் தோண்டுவது எதிர்ப்பு மண்டலம் ஏவிவிடும் திசு கரைக்கும் நொதிகள். எச்.ஐ.வி. முற்றி எதிர்ப்பணுக்கள் வெகுவாகக் குறைந்தவர்களுக்கு இந்தக் குழி அரிதாகவே விழுகிறது. அவர்கள் சளியில் கிருமி தென்படுவதும் குறைவு. இதோடு 2010-ல் வெளியான ஒரு மரபணு ஆய்வைச் சேர்த்துப் படிக்க வேண்டும். எதிர்ப்பணுக்களின் கண்ணில் படாமலிருக்க, அவை அடையாளம் காணும் பகுதிகளைப் பல கிருமிகள் மாற்றிக்கொண்டே இருக்கும். உலகின் பல பகுதிகளிலிருந்து எடுத்த காசநோய்க் கிருமிகளை ஒப்பிட்டபோது, டி செல்கள் என்னும் எதிர்ப்பணுக்கள் அடையாளம் காணும் பகுதிகள்தான் மற்றவற்றைவிட மாறாமல் இருந்தன. அடையாளம் காணப்படுவது இந்தக் கிருமிக்குச் சாதகம் என்பதே அதற்குப் பொருத்தமான விளக்கம். நம் எதிர்ப்பையே தன் பயண வாகனமாக்கிக்கொண்ட கிருமியிடம், எதிர்ப்பைக் கூட்டுகிறேன் பார் என்று சவால் விடுவது அதற்கு உதவி செய்வதாகும்.

டி செல்களின் கடிவாளமான பி.டி.-1 என்ற புரதம் இல்லாத எலிகளுக்குக் காசநோய் தொற்றியபோது, கடிவாளமில்லாத எதிர்ப்பு கிருமியைத் துவம்சம் செய்திருக்க வேண்டும். அந்த எலிகளோ சாதாரண எலிகளைவிட வெகு சீக்கிரம் செத்தன. அவற்றைக் கொன்றதில் பெரும்பங்கு அவற்றின் சொந்த டி செல்களுக்கே இருந்தது. இதே கடிவாளத்தை அவிழ்க்கும் மருந்துகள் இன்று புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகின்றன. அவற்றைப் பெற்றவர்கள் சிலருக்குக் காசநோய் கிளர்ந்ததாக மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. இங்கே நின்று யோசியுங்கள். டி.என்.எஃப்.ஐ அடக்கினாலும் காசநோய் வருகிறது, டி செல்லின் கடிவாளத்தை அவிழ்த்தாலும் வருகிறது. ஒற்றை அளவுகோலில் ஏற்றம் இறக்கமாக இதை எப்படி விளக்குவார்கள்?

தடுப்பூசிதான் எதிர்ப்பைக் கூட்டுகிறதே என்பார்கள். தடுப்பூசி எதிர்ப்பைப் பழக்குகிறது. பழக்குவது வேறு, கூட்டுவது வேறு. இதற்குச் சான்று நம் செங்கல்பட்டிலேயே இருக்கிறது. 1968-ல் தொடங்கி அந்த மாவட்டத்தில் லட்சக்கணக்கானோரிடம் நடந்த பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு உலகிலேயே பெரியது. ஊசி போட்டவர்களின் தோலில் டியூபர்குலின் சோதனைக்கு நல்ல தடிப்பு எழுந்தது. எதிர்ப்பு விழித்ததற்கு அடையாளம் அதுதான் என்று நம்பிய காலம். பெரியவர்களின் நுரையீரல் காசநோயிலிருந்தோ எந்தக் காப்பும் கிடைக்கவில்லை. பி.சி.ஜி. குழந்தைகளை மூளையுறைக் காசநோயிலிருந்து காக்கிறது. ஆகவே அதைக் கட்டாயம் போட வேண்டும். தோலின் தடிப்பு நுரையீரலின் பாதுகாப்புக்கு அளவுகோல் அல்ல என்பதே செங்கல்பட்டு சொல்வது. தென்னாப்பிரிக்காவில் 2,797 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டு 2013-ல் முடிவு வெளியான எம்.வி.ஏ.85ஏ தடுப்பூசியும் இதையே சொன்னது. டி செல்கள் கிளம்பின, காப்பு கிடைக்கவில்லை.

இது காசநோயோடு நிற்கும் விஷயம் அல்ல. தொற்றின்போது உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் செப்சிஸ், 2017-ல் உலகில் சுமார் 1.1 கோடிப் பேரின் இறப்பில் பங்கு வகித்ததாக மதிப்பிடப்படுகிறது. தொற்றுக்கு உடம்பு காட்டும் ஒழுங்கு குலைந்த எதிர்வினையால் உறுப்புகள் கெடுவதே செப்சிஸ் என்று 2016-ல் அதன் வரையறையே மாறியது. பாக்டீரியாவின் மேலுறை நச்சை எலிக்கு ஊசியாகப் போட்டால் எலி சாகும். காஸ்பேஸ்-11 இல்லாத எலிக்கு அதே அளவைப் போட்டால் பிழைக்கிறது. அந்த நச்சு நேரடியாகக் கொல்வதில்லை. நச்சைக் கண்டு செல்கள் வெடித்துச் சாகும் பைராப்டோசிஸ்தான் கொல்கிறது.

அப்படியானால் காஸ்பேஸ்-11ஐ ஒழித்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். மெலியாய்டோசிஸ் என்று ஒரு நோய் இருக்கிறது. மழைக்காலத்து மண்ணிலும் நீரிலும் இருக்கும் புர்கோல்டேரியா பாக்டீரியா தருவது. தமிழ்நாட்டிலும் சர்க்கரை நோயாளிகளிடம் அடிக்கடி தென்படுவது. காசநோய் என்று தவறாக எண்ணப்படுவதும் உண்டு. இந்தக் கிருமி தொற்றும்போது காஸ்பேஸ்-11 இல்லாத எலிகள்தான் சாகின்றன. செல் வெடிப்பது அங்கே கிருமியின் ஒளிவிடத்தைத் தகர்க்கிறது. நச்சு ஊசியில் எலியைக் கொன்ற அதே நொதி, புர்கோல்டேரியாவில் எலியைக் காப்பாற்றுகிறது. சாவின் விதம் நல்லதா கெட்டதா என்பது கிருமியையும் இடத்தையும் நேரத்தையும் பொறுத்தது. செப்சிஸில் டி.என்.எஃப்.ஐ அடக்கிப் பார்த்த மருந்துச் சோதனைகள் தோற்றதும் இதனால் வியப்பல்ல. எல்லா நோயாளிகளையும் ஒரே நிலையில் இருப்பவர்களாக அவை எடுத்துக்கொண்டன. செப்சிஸ் நீளும்போது நிணநீர்ச் செல்கள் கூட்டம் கூட்டமாக அபொப்டோசிஸில் மடிந்து எதிர்ப்பு ஓய்ந்துபோவதும் உண்டு. ‘அடக்கு’ என்னும் ஒற்றைச் சொல் மருத்துவமும் ‘ஏற்று’ என்னும் ஒற்றைச் சொல் மருத்துவமும் ஒரே குறைபாடு உடையவைதான்.

உணவு என்ன ஆயிற்று, அது எதிர்ப்பைக் கூட்டவில்லையா என்ற கேள்வி கடைசியாக வரும். இதற்கு இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம் நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் வைத்தது. மறு பாதிக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்தது. சானடோரியத்தில் பூரண ஓய்வு, பாலும் முட்டையுமாக நல்ல சாப்பாடு. வீட்டிலோ நெரிசல், வேலை, ஏழைச் சாப்பாடு. 1959-ல் வெளியான முடிவில் இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே மாதிரி குணமடைந்திருந்தார்கள். மருந்து சரியாகப் போனால் கிருமி போகும் என்பதை உலகுக்குச் சொன்னது இந்த ஊர். அடுத்தது 2023-ல் வெளியான ஜார்க்கண்ட் ஆய்வு. நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு அரிசியும் பருப்பும் நுண்ணூட்டங்களும் மாதந்தோறும் கொடுத்தபோது, அவர்களுக்குக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது.

இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளவில்லை. பசித்த உடம்பு நோயை வரவழைக்கிறது. வந்த நோயை மருந்து தீர்க்கிறது. தட்டில் சோறும் பருப்பும் இல்லாதவருக்கு அவற்றைக் கொடுப்பது, பற்றாக்குறையைப் போக்கி உடம்பின் கட்டுப்பாடுகளை அதனதன் இடத்தில் நிறுத்துகிறது. எழவும் தெரிந்து அடங்கவும் தெரிந்த எதிர்ப்புக்கு அதுவே அடித்தளம். ஏற்கெனவே நன்றாகச் சாப்பிடுகிறவர் நாலு வகைப் பொடியைக் கலக்கிக் குடிப்பதை இந்த ஆய்வுகளில் எதுவும் ஆதரிக்கவில்லை. எதிர்ப்பு என்ற பெயரில் காசு கேட்பவர்கள் இந்த வேறுபாட்டைத்தான் அழித்து வைத்திருக்கிறார்கள்.

இந்த மறுப்பைத் தவறாகப் பிடித்துக்கொண்டு யாரும் கடையில் ஸ்டீராய்டு வாங்கி விழுங்கிவிடக் கூடாது. கிருமி மருந்தின் துணையில்லாமல் எதிர்ப்பை அடக்கினால் காசநோய் பாய்ந்தெழும். மூளையுறையில் ஸ்டீராய்டு உயிர் காத்தது, கிருமியை மருந்து கொன்றுகொண்டிருந்த வேளையில், மருத்துவரின் கண்காணிப்பில்.

எதிர்ப்புச் சக்திக் கருத்து வெறும் அறிவுப்பிழையாக இருந்திருந்தால் நான் இவ்வளவு கோபப்பட மாட்டேன். அது நோயாளியின் மேல் பழி போடுகிறது. உனக்குச் சக்தி இல்லை, நீ சரியாகச் சாப்பிடவில்லை, ஒழுக்கமாக இருக்கவில்லை, ஆகவே உனக்கு வந்தது என்கிறது. கட்டி வீங்கியதும் மருந்தை நிறுத்த வைக்கிறது. மாதம் 1,000 ரூபாய் அரசு உதவியில் முட்டையும் பயறும் வாங்க வேண்டிய குடும்பத்தை, டப்பாவில் அடைத்த பொடிக்கு அந்தக் காசைக் கொடுக்க வைக்கிறது. மெலிந்து, மூச்சிரைத்து, எழுந்து நிற்க முடியாமல் வரும் நோயாளியை முதல் நாளிலேயே இனங்கண்டு மருத்துவமனையில் சேர்ப்பதற்காகத் தமிழ்நாடு 2022-ல் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியது. எடை, மூச்சின் வேகம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, காலில் வீக்கம், நிற்க முடிகிறதா என்ற கேள்வி: அங்கே பார்ப்பவை இவைதான். சக்தி எத்தனை என்று எந்தச் செவிலியரும் அளப்பதில்லை, ஏனென்றால் அளக்க அப்படி ஒன்று இல்லை.

ஆகவே மருத்துவர்களிடமும் ஆசிரியர்களிடமும் எழுதுகிறவர்களிடமும் நான் கேட்பது இதுதான். நோயாளியிடம் சக்தியை ஏற்றச் சொல்லாதீர்கள். கிருமியைக் கொல்வது மருந்து, அதை ஆறு மாதமும் விடாமல் சாப்பிடு என்று சொல்லுங்கள். வயிறு நிறையச் சாப்பிடு, அதற்கு வழியில்லையென்றால் அரசு கொடுப்பதைக் கேட்டு வாங்கு என்று சொல்லுங்கள். நடுவில் கட்டி வீங்கினால், காய்ச்சல் திரும்பினால், அது உன் உடம்பின் வேலையாகவும் இருக்கலாம், மருந்தை நிறுத்தாமல் மருத்துவரிடம் வா என்று சொல்லுங்கள். பாடப் புத்தகத்தில் கோட்டையும் படையும் வரைவதை விட்டு, ஒரு செல் அமைதியாகச் சாவதையும் இன்னொரு செல் வெடித்துச் சாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள். அந்த இரண்டு படங்களைப் பார்த்து வளரும் பிள்ளையிடம் எதிர்ப்புச் சக்திப் பொடியை விற்பது அவ்வளவு எளிதாக இருக்காது.